மடையைப் பார்க்காத பழமை

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பா வாரம் தவறாமல் ஒரு குரல்பதிவு போடுவார். நம்ம கலாச்சாரம் போச்சு, பொண்ணுங்க பொட்டு வைக்கிறதில்ல. என் தங்கை ஒரு சீனப் பையனைக் கட்டிக்கப்போறதா சொன்னதும் பதிவுகள் தினசரி ஆயின. அதே பெரியப்பா, தாத்தா படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் குறைந்து தடுமாறியபோது ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. நானும் போகவில்லை. வேலை இருக்கு என்றேன். அதனால் அவரைக் கிண்டலடிக்க எனக்கு அவ்வளவு உரிமை இல்லை.

இதுதான் பழமைவாதம் என்றால் எனக்கு வேண்டாம் என்றே இருந்தேன், எட்மண்ட் பர்க்கைப் படிக்கும் வரை. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790இல் எழுதிய மனிதர். நவீனப் பழமைவாதம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்த நூல் இல்லை. 1785 பிப்ரவரியில் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் பற்றி அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர், ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார்! கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாதாம். தாங்கள் பார்க்கப்போகாத தலைமுறைகளுக்காக அவற்றை வெட்டியவர்களே உண்மையான அரசர்கள் என்கிறார். ஹைதர் அலி படையெடுப்பதற்கு முன்பே அவை பாழாகியிருந்தன. பராமரிப்புக்குப் போகவேண்டிய பணத்தை நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் உறிஞ்சிக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

நான் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்புப் பொறியியலாளர். புதுப் பம்பு வந்தால் ரிப்பன் வெட்ட ஆள் வரும். பேரிங் மாற்றினால் நாய்கூட எட்டிப்பார்க்காது. ஆனால் ஒழுகும் கேஸ்கெட்டை தாத்தா காலத்தது என்று விட்டுவைக்கவும் முடியாது. காக்கவேண்டியது தண்ணீரை. கேஸ்கெட்டை இல்லை.

பர்க் பார்க்காத ஒன்றும் இருக்கிறது. அந்த ஏரித் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் ஒரே மாதிரி போகவில்லை. வயலே இல்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர்தான் கப்பலேறி இங்கே பால்மரம் சீவ வந்தார்கள். ஏரியைக் காப்போம் என்கிறவன் மடையை யார் திறந்தார்கள் என்பதையும் கேட்கணும். சாதி பார்த்துப் பெண் கொடுப்பதைக் கலாச்சாரம் என்கிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வருவதில்லை.

அரசியலிலும் இதே கதைதான். ஜோர்ஜ்டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965இல் தற்காலிகமாக என்று நிறுத்திய ஊராட்சித் தேர்தல் நாட்டுக்கு இன்னும் திரும்பவில்லை. நம் கையில் இருந்து நழுவிய ஒரு பழைய வழக்கம்! பழமையைக் காப்பவர்கள் முதலில் அதற்கல்லவா அழணும்? பெரியப்பா பதிவில் அது ஒருநாளும் வந்ததில்லை. பாவாடை நீளம் வருகிறது.

தங்கை தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புவாளாம், மாப்பிள்ளைக்கும் சம்மதம். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் அனைத்துலகப் பள்ளியில் படிக்கிறார்கள்.

பள்ளிக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. அன்றைக்கு எனக்கு ஷிப்ட். மாற்றித் தரச்சொல்லி எழுதியிருக்கிறேன், மேலாளர் இன்னும் பதில் போடவில்லை.