பழம் கிடைக்காத ஓட்டம் வீணா?

ஓம் சரவணபவ!

பழனிக் கதை நமக்கெல்லாம் தெரியும். மயிலேறி உலகத்தையே சுத்தி வந்தவர் முருகன். பழம் போனது அம்மையப்பனைச் சுத்தின பிள்ளையாருக்கு. அது குறுக்குவழி இல்லையான்னு சிலர் கேட்பாங்க.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் ஃப்ரெட் லோர்ஸ் ஏறத்தாழ 11 மைல் காரில் வந்துட்டு, முதல் ஆளா கோட்டைத் தொட்டார். விஷயம் தெரிஞ்சதும் தகுதிநீக்கம். அவர் மறைச்சார். பிள்ளையார் எதையும் மறைக்கலை. அம்மையப்பனே உலகம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் சுத்தினார். அதனால தீர்ப்பு சரிதான்.

ஆனா தீர்ப்பு சரின்னா முருகன் போன தூரம் வீணா? இங்கதான் எனக்கு இடிக்குது.

பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயில் பக்கம் மாசக்கணக்கா விடியற்காலையில் பயிற்சி எடுத்தான் என் ஆபீஸ் நண்பன். 42.195 கிலோமீட்டரையும் முடிச்சான். கட்-ஆஃப் டைம் தாண்டிடுச்சு, மெடல் இல்லை. விதி விதிதான், அதைக் குறை சொல்லலை. ஆனா "அப்புறம் எதுக்குடா ஓடின?"ன்னு டீமில் கேட்டாங்க பாருங்க, அது தப்பு. மெடல் தரலைங்கறதால, அவன் கால் அந்தத் தூரத்தை ஓடலைன்னு ஆயிடுமா?

பழம் கிடைக்காம கோவிச்சுக்கிட்டு வந்து நின்னவரைப் பார்க்கத்தானே தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான பேர் நடக்கறாங்க? நொண்டி நொண்டி, பூசம் முடிஞ்சு போய்ச் சேர்றவங்களுக்கும் அதே தண்டாயுதபாணிதான், அதே விபூதிதான்.

முருகா சரணம்!