ஈந்ததை மீட்கலாமோ?

நம் அறநூல்கள் தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காகப் பகுக்கின்றன. சாத்திர தானம் என்றதும் பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டு அத்திமப்பே நினைவுக்கு வருகிறார். பொன்னன் என்னும் கவிஞரின் சாந்திபுராணத்தை ஆயிரம் ஏட்டுப்படிகளாக எழுதுவித்து அவ்வம்மையார் வழங்கினார் என்பர். கைமாறிய ஏடுகளை மீட்க அவர் நினைத்திருந்தாலும் இயன்றிராது. நம் பிள்ளைகள் பலர் பணிபுரியும் கணினித் துறையிலோ, கொடுத்தபின்னும் மீட்கத்தக்கதாக ஒரு தானம் இருந்தது.

மென்பொருள் எழுதுவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. ஒருவர் எழுதிய நிரல் துண்டைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால், பிறர் எடுத்துத் தம் நிரலில் இணைத்துக்கொள்வர். பெயரைக் குறித்தால் போதும். அத்துண்டையும், அது சார்ந்து நிற்கும் பிறவற்றையும் தேடிக் கொணரும் கருவிக்குப் ‘பேக்கேஜ் மேனேஜர்’ என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு அமைந்த என்.பி.எம். அவற்றுள் ஒன்று. பெரும்பாலோர் விலையின்றியே வழங்குகின்றனர். பொருள் வரைதலை அணுவிரதமாகக் கொண்ட நமக்கு இது மகிழ்ச்சியே.

அசேர் கோச்சுலு என்பவர் ‘கிக்’ என்னும் பெயரில் ஒரு தொகுப்பை அக்களஞ்சியத்தில் வைத்திருந்தார். அப்பெயருடைய நிறுவனம் ஒன்று அதனைக் கோரியது, அவர் மறுத்தார், களஞ்சியத்தார் பெயரை நிறுவனத்திற்கே அளித்தனர். மனம் நொந்த அவர் 2016 மார்ச்சு 22 அன்று தம் தொகுப்புகள் 250-க்கும் மேற்பட்டவற்றை அகற்றிவிட்டார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்பது 11 வரிகளே உடையது. எழுத்துத்தொடரின் இடப்புறத்தை வெற்றிடத்தாலோ சுழியத்தாலோ நிரப்பி வேண்டிய நீளத்திற்குக் கொணர்வது. அஃது இல்லாமற்போகவே, அதனை நேராகவும் பிறவற்றின் வழியாகவும் சார்ந்திருந்த எண்ணற்ற பணிகள் உலகெங்கும் தடைப்பட்டன. சில மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதனை மீண்டும் வைத்தனர். எவரும் எவ்வாறும் பயன்படுத்தலாம் என்று அவரே முன்னர் உரிமம் அளித்திருந்தமையால் அது சட்டத்திற்கு உடன்பட்டதே.

அவர் செய்தது தவறோ? ஈந்த பொருளில் ‘எனது’ என்னும் பற்று எஞ்சியிருந்தது மெய். ஆயினும் அவரைக் கடிய நமக்கு நா எழவில்லை. நாம் எழுதிய பாடக்குறிப்புகளைப் பிறர் வாங்கிச் சென்றபோது, அவற்றில் நம் பெயரை விட்டுவைத்தனரா என்று நாமும் பார்த்ததுண்டு! மேலும், அவர் கொடுத்தது நிரல். பெயரை அவர் கொடுக்கவில்லை. கொடாததைக் கொள்ளலாகாது என்பதும் நம் விரதங்களுள் ஒன்றன்றோ? 2022 சனவரியில் ‘கலர்ஸ்’ என்னும் தொகுப்பை ஆக்கியவர், அதன் புதிய பதிப்பில் முடிவின்றிச் சுழலும் நிரலைப் புகுத்தினார். அது வேறு வகை. அன்னமிடுவதை நிறுத்துவதும் இட்ட அன்னத்தில் மணல் கலப்பதும் ஒன்றல்ல.

ஏற்போரைப் பற்றியும் பேச வேண்டும். ஏடு பெற்றவர் படியெடுத்துக் காப்பது நம் வழக்கம். இவர்களோ 11 வரிகளைக்கூடத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல், தேவைதோறும் களஞ்சியத்தின் வாயிலில் நின்றனர். பயிலும் மாணவனும் எழுதிவிடக்கூடிய வரிகள் அவை.

பின்னர் விதி மாறியது. பிறர் சார்ந்து நிற்கும் தொகுப்பை ஆக்கியவர் தாமாக இப்போது நீக்க இயலாது. இது பணிகளைக் காக்கும். பற்றை நீக்குமா என்பது வேறு வினா. கோச்சுலுவின் பெயரை, அன்று பணி தடைப்பட்டோரில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருப்பர்.