நடக்காததைப் பற்றிய உண்மை

விமான நிறுவனங்களின் இணைப்புக்கு அரசின் ஒப்புதலைப் பெற வாதாடும் வழக்கறிஞரின் பணியில் பழைய தத்துவச் சிக்கல் ஒன்று உண்டு. பிற வழக்குகளில் பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றியே வாதம் எழும். இங்கே இனி நடக்கப்போவதைப் பற்றி எழுகிறது. அமெரிக்காவின் 1914ஆம் ஆண்டு கிளேட்டன் சட்டம், போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய இணைப்பை முன்கூட்டியே தடுக்க இடமளிக்கிறது. ஆகவே வழக்கறிஞரின் கூற்றை, அவர் அதைச் சொல்லும் நாளில் யாராலும் சரிபார்க்க முடியாது. நாளை கடற்போர் நடக்கும் என்ற கூற்று இன்றே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க முடியுமா என்று அரிஸ்டாட்டில் ஆராய்ந்தது இதைத்தான்.

உதாரணமாக, அமெரிக்காவின் ஸ்பிரிட் விமான நிறுவனத்தை 380 கோடி டாலருக்கு வாங்க மற்றொரு விமான நிறுவனமான ஜெட்புளூ 2022 ஜூலையில் ஒப்பந்தம் செய்தது. 2023 மார்ச்சில் அரசு வழக்குத் தொடுத்தது. இணைந்தால்தான் நான்கு பெரிய நிறுவனங்களோடு மோத முடியும் என்றது நிறுவனங்களின் தரப்பு. அரசோ அவர்களுடைய ஆவணங்களையே எடுத்துக் காட்டியது: ஸ்பிரிட் ஒரு தடத்தில் நுழைந்தால் சராசரிக் கட்டணம் 17% குறையும் என்றது ஸ்பிரிட்டின் கணிப்பு; அது விலகினால் 30% ஏறும் என்றது ஜெட்புளூவின் கணிப்பு. சிக்கனமாகப் பயணம் செய்வோர் பாதிக்கப்படுவார்கள் என்று கருதிய பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங், 2024 ஜனவரி 16 அன்று இணைப்பைத் தடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பிரிட் திவால் பாதுகாப்பு கோரியது.

இந்தத் திவாலால் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வைத்த வாதம் மெய்யானதாகிவிடவில்லை. இணைப்பு நடந்திருந்தால் கட்டணம் என்னவாகியிருக்கும் என்பது இனி ஒருபோதும் தெரியாது. அரசின் வாதத்துக்கும் இதே குறை உண்டு.

அப்படியானால் வழக்கறிஞரின் நேர்மையை எதைக் கொண்டு அளப்பது? கட்சிக்காரரைத் தவிர உலகில் வேறு எவரையும் வழக்கறிஞர் பொருட்படுத்தலாகாது என்று 1820இல் பிரிட்டிஷ் ராணி கரோலினுக்காக வாதாடிய வழக்கறிஞர் பிரூம் கருதினார். இன்றைய தொழில்நெறி அவ்வளவு தூரம் போக விடுவதில்லை. அறிந்தே பொய் சொல்வதைத் தடுக்கிறது. ஆனால் பொய் என்பதன் அளவுகோல் கூற்றுக்குக் கூற்று மாறும்.

கூற்றுகள் மூவகை. முதலாவது, கைவசமுள்ள தகவல். போட்டி குறித்த உள் ஆய்வுகளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இணைப்புகளில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் மறைப்புக்கு இடமில்லை. இரண்டாவது, கணிப்பு. அது பொய்த்துப்போகலாம்; ஆனால் போதிய ஆதாரத்தோடு, நம்பிச் சொல்லப்பட்டிருந்தால் அது பொய் சொன்னதாகாது. மூன்றாவது, வாக்குறுதி. 2013இல் அமெரிக்கன், யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பை எதிர்த்து அரசு தொடுத்த வழக்கு, வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் 52 இணை ஸ்லாட்டுகளை (விமானம் இறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்படும் நேர உரிமைகளை) போட்டியாளர்களுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்பாட்டில் முடிந்தது. கணிப்பு தவறினால் யார்மீதும் குற்றமில்லை. இத்தகைய வாக்கு தவறினால் நீதிமன்றம் கேள்வி கேட்கும்.

எதிர்காலத்தைப் பற்றி வாதாடுபவரிடம் எதிர்பார்க்கக்கூடியது இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாதிருப்பது: கணிப்பைத் தகவலாக முன்வைக்காமலும், காக்க முடியாததை வாக்காகத் தராமலும் இருப்பது.