அறியாமையும் பொய்யுறுதியும்

2020 மார்ச் 25-ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியபோது, தில்லி சரோஜினி நகர்ச் சந்தை வெறிச்சோடியது. கொரோனா பரவும் வழி யாது என்ற வழக்கு மட்டும் வீடுதோறும் ஓயவில்லை. தொடுதலால் என்றனர் சிலர். காற்றால் என்றனர் சிலர். மார்ச் 28-இல் உலக சுகாதார நிறுவனம், காற்றில் பரவாது என உறுதிபடக் கூறிற்று. நாமும் பால் பாக்கெட்டுகளைச் சோப்பு நீரால் கழுவினோம். சன்னல்களைத் திறக்க எண்ணினோமில்லை. ஐயுற்றவரை அறிவிலார் என இகழ்ந்தோம்.

ஜூலையில் 239 அறிவியலாளர், நோய்க்கிருமி காற்றிலும் மிதந்து தொற்றும் எனக் கையொப்பமிட்டு எழுதினர். 2021 ஏப்ரல் இறுதியில்தான் அந்நிறுவனம் அதனைத் தெளிவாக ஏற்றது. அதற்குள் இரண்டாம் அலை தில்லியைச் சூறையாடிக்கொண்டிருந்தது.

புதிய நோயை அறியாமை குற்றமன்று. அறியாததை அறிந்ததாகச் சாதித்தலே குற்றம். ‘இன்னும் தெளியவில்லை’ என்றால் மக்கள் அஞ்சுவர் என்பர். அஞ்சினும் விழிப்புடன் இருந்திருப்பர் அன்றோ? பொய்யுறுதியோ விழிப்பையும் கெடுத்தது. பின்னர் வந்த மெய்யுரையின் மீதும் ஐயத்தை விளைத்தது.

ஐயம் வேறு, வதந்தி வேறு; ஐயம் சான்றைத் தேடும், வதந்தி சான்றுக்கு அஞ்சும். சொன்னவர் யார் என நோக்காது சொல்லின் மெய்மையை நோக்குதலே வள்ளுவர் நெறி. அதனை மேடைதோறும் முழங்கும் நாம், அண்டை வீட்டார் ஐயுற்றபோது மறந்தோமே!