நீ தாண்டிப் போகும் சங்கீதங்கள்

"எனக்கு ஜெபிக்கத் தெரியாது."

எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

ஞாயிறு பள்ளியில் படித்தாய். திடப்படுத்தல் எடுத்தாய். வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறாய். ஆனால் குடும்ப ஜெபத்தில் "இன்றைக்கு நீ ஜெபம் பண்ணு" என்று அப்பா சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாய்!

ஜெபக்கூட்டத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் உட்காருகிறாய். போதகர் ஐயாவுக்கு வருவதுபோல் அடுக்கடுக்காக வார்த்தை வராதே என்று நடுங்குகிறாய்.

வார்த்தை வரவில்லையா? வார்த்தையை நீயே உண்டாக்க வேண்டும் என்று யார் சொன்னது?

உன் வேதாகமத்தின் நடுவே 150 ஜெபங்கள் எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன!

துரத்தப்பட்டவன் குகைக்குள்ளிருந்து ஏறெடுத்த ஜெபம் இருக்கிறது. பெற்ற மகனுக்கே பயந்து ஓடியவனின் ஜெபம் இருக்கிறது. தூக்கம் வராதவன், நண்பனால் வஞ்சிக்கப்பட்டவன், பொறாமையில் வெந்தவன், நன்றி சொல்லித் தீராதவன், எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

தெரியாமல் இருக்கலாம். திறக்காமல் இருக்கலாமா?

"திறக்கிறேனே! சங்கீதம் படிக்கிறேனே!" என்பாய்.

எதைப் படிக்கிறாய்? 23. 91. 121. அப்புறம், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இருக்கும் ஒற்றை வசனம். அவ்வளவுதானே?

அவை அருமையான சங்கீதங்கள். மனப்பாடம் செய். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு. ஆனால் மற்றவை என்ன ஆயின?

13ஐ ஏன் தாண்டினாய்? 44ஐ? 77ஐ? 88 வந்ததும் ஏன் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாய்?

சங்கீதப் புத்தகத்தில் மிக அதிகமாக இருக்கும் வகை எது தெரியுமா? புலம்பல்! துதி சங்கீதங்களைவிடப் புலம்பல் சங்கீதங்களே எண்ணிக்கையில் அதிகம். கர்த்தர் அழுகைக்கு இத்தனை இடம் கொடுத்திருக்கிறார். நீ அதை வெட்டி எறிந்துவிட்டு, ஜெபம் வரவில்லை என்கிறாய்.

உறுதியாகச் சொல்கிறேன். நீ தாண்டிப் போகும் சங்கீதங்களில்தான் உன் ஜெபம் இருக்கிறது!

13ஐ எடு. ஆறே வசனம்.

முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது ஒரே கேள்வியை நான்கு முறை கேட்கிறான். இன்னும் எத்தனை நாள்? இன்னும் எத்தனை நாள்? என்னை ஒரேயடியாக மறந்துவிட்டீரா என்று கர்த்தரின் முகத்துக்கு நேரே கேட்கிறான்!

நீ ஒரு நாளாவது அப்படிக் கேட்டதுண்டா?

வேலை போய் மாதக்கணக்காகிறது. வருகிற வரனெல்லாம் தட்டிப் போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே பயமாக இருக்கிறது. உள்ளே இதே கேள்வி கொதிக்கிறது. வாயில் என்ன வருகிறது? "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எல்லாம் நன்மைக்கே."

யாரை ஏமாற்றுகிறாய்? உன் தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருப்பவரையா?

தாவீது ஏமாற்றவில்லை. கேட்டான். கேட்ட அதே வாயால் ஆறாம் வசனத்தில் பாடினான்! நான்கு முறை கேட்காதவனுக்கு அந்தப் பாட்டு வந்திருக்குமா?

77ஆம் சங்கீதத்துக்கு வா. அதை எழுதிய ஆசாப்புக்குத் தூக்கம் போய்விட்டது. தேவன் இரக்கம் காட்டுவதையே மறந்துவிட்டாரோ என்ற சந்தேகம். 7 முதல் 9 வரை எண்ணிப் பார், ஆறு கேள்விகள்! ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஆசாப் என்ன செய்தான்? பழசை நினைத்தான். சமுத்திரம் பிளந்த நாளை நினைத்தான். அதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னான். ராத்திரி இரண்டு மணிக்கு நீ என்ன செய்கிறாய்? புரண்டு படுத்து, கைப்பேசியை எடுத்து, கண் எரியும்வரை பார்க்கிறாய். அந்த நேரத்துக்கு ஆசாப் ஒரு ஜெபம் எழுதி வைத்திருக்கிறானே!

"இப்படியெல்லாம் கேட்டால் கர்த்தருக்குக் கோபம் வராதா?"

இந்தப் பயம்தான் உன்னைப் பாதி வழியில் நிறுத்துகிறது. இதை இன்றைக்கே உடைத்தாக வேண்டும்!

88ஆம் சங்கீதத்தைப் படி. ஏமான் எழுதியது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை எப்படியாவது கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை. தோழர்கள் விலகிப்போனார்கள், சுற்றிலும் இருட்டு என்பதோடு முடிந்துவிடுகிறது. நன்றி இல்லை, துதி இல்லை, ஆறுதலாக ஒரு வரி இல்லை.

அதையும் கர்த்தர் தம் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்! உன் அழுகை அவருக்குப் பாரமா?

இன்னொன்றையும் கவனி. இருட்டில் முடிகிற அதே சங்கீதத்தில், உம்மைக் கூப்பிடுகிறேன் என்று ஏமான் மூன்று இடங்களில் சொல்கிறான். இரவும் பகலும் கூப்பிட்டான். தினந்தோறும் கூப்பிட்டான். விடியும்போதே கூப்பிட்டான். எதுவும் உணராத மனிதன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நீ மட்டும் உணர்வு வரட்டும், ஜெபிக்கிறேன் என்கிறாய். உணர்வுக்குக் காத்திருந்தால் ஏமானின் சங்கீதம் நம் கைக்கு வந்திருக்குமா?

"எழுதி வைத்ததை வாசிப்பது ஜெபமா? அது சும்மா ஒப்பித்தல்தானே!"

இதை நிறையப் பேர் பெருமையாகவே சொல்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் மனம் பொறுப்பதில்லை.

சிலுவையில் இயேசு எதைச் சொல்லிக் கதறினார்? 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை! உயிர் பிரியும் கணத்தில் தம் ஆவியை யாருடைய வார்த்தைகளால் ஒப்புக்கொடுத்தார்? 31ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளால்!

தேவகுமாரனே மரண வேளையில் பழைய சங்கீதத்தைத்தான் வாயில் எடுத்தார். நீ அவரைவிடச் சொந்தமாக ஜெபிக்கப் போகிறாயா?

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகரைப் பார். ஹிட்லர் காலத்தவர். அரசுக்குத் தலையாட்டிய சபையோடு சேராமல், பின்கென்வால்ட் என்ற ஊரில் இளம் போதகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். அங்கே காலையும் மாலையும் சங்கீதம்தான் ஜெபம். 1937இல் ரகசியப் போலீஸ் அந்தப் பள்ளியை இழுத்து மூடியது.

1938 நவம்பர் 9. அன்று இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் பற்றி எரிந்தன. போன்ஹோஃபர் தம் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தைத் திறந்தார். எதிரிகள் தேவனுடைய ஆலயங்களுக்குத் தீ வைத்துவிட்டார்களே என்று கதறும் எட்டாம் வசனத்தின் ஓரத்தில் அந்தத் தேதியைக் குறித்து வைத்தார்.

பார்த்தாயா? ஊர் எரிகிற செய்தி சங்கீதத்துக்குள் போய்விட்டது! உன் வேதாகமத்தின் ஓரத்தில் ஏதாவது ஒரு தேதி இருக்கிறதா? அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள்? கடன்காரன் வாசலில் நின்ற நாள்? பேனாவை எடு. எழுது. அந்தச் சங்கீதம் அன்றோடு உன்னுடையதாகிவிடும்.

1940இல் போன்ஹோஃபர் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சங்கீதப் புத்தகத்தை வேதாகமத்தின் ஜெபப் புத்தகம் என்றார். குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? அப்பா பேசுவதைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லித்தானே? தேவன் தந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லித்தான் நாமும் அவரோடு பேசக் கற்கிறோம் என்று விளக்கினார். 1941இல் புத்தகம் வெளியிடவே அவருக்குத் தடை விதித்தார்கள்.

1943 ஏப்ரல் 5 அன்று கைது. பெர்லினில் டேகல் சிறை. அங்கிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல வருடங்களாகச் செய்வதுபோலவே தினமும் சங்கீதம் வாசிப்பதாகச் சொன்னார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39.

பல வருடங்களாக! அதை மறந்துவிடாதே. சிறைக் கதவு சாத்தியபிறகு அவர் கற்கத் தொடங்கவில்லை.

நீ எப்போது தொடங்கப் போகிறாய்? ஐசியூ வாசலில் நின்றுகொண்டா?

"நான் செய்த பாவத்துக்கு எந்த முகத்தோடு ஜெபிப்பேன்?"

தாவீதின் முகத்தோடு! அடுத்தவன் மனைவியை அபகரித்தவன், அவள் கணவனைப் போர்முனையில் சாகவைத்தவன். நாத்தான் தீர்க்கதரிசி வந்து நேருக்கு நேர் நின்றபின் அவன் ஏறெடுத்த ஜெபம்தான் 51. அதன் தலைப்பே அதைச் சொல்கிறது. சாக்குச் சொன்னானா? யார்மீதாவது பழி போட்டானா? இல்லை. கழுவும் என்று கெஞ்சினான். எழுந்தான்.

430ஆம் ஆண்டு. ஹிப்போ நகரை வாண்டல் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே பேராயர் அகஸ்தீன் காய்ச்சலில் கிடந்தார். தாவீதின் பாவமன்னிப்புச் சங்கீதங்களை எழுதி, படுக்கைக்கு எதிரே சுவரில் மாட்டச் செய்தார். படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதார். திருச்சபையின் மாபெரும் ஆசிரியருக்கே அது தேவைப்பட்டது. உனக்கு வெட்கமென்ன?

"சரி, 109ஐ என்ன செய்வது? ஒரே சாபமாக இருக்கிறதே!"

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவன் உண்மையாகப் படித்திருக்கிறான்.

உனக்குத் துரோகம் செய்தவன்மேல் உனக்குக் கோபம் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. சொத்தை ஏமாற்றிய அண்ணன்மேல், பெயரைக் கெடுத்த சக ஊழியன்மேல் இருக்கிறது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய்? மனைவிமேல். பிள்ளைமேல். வாட்ஸ்அப் குழுவில்!

109 அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறது. பழியைத் தன் கையில் எடுக்காமல் நீதிபதியின் கையில் வைக்கிறது. கொட்டிவிடு. வைத்துவிடு. கையை வெறுமையாக்கிக்கொண்டு எழுந்து வா. இதற்கு எத்தனை தைரியம் வேண்டும் தெரியுமா? பழிவாங்க அதில் பாதிகூட வேண்டாம்.

"எனக்கு இப்போது துக்கமே இல்லை. நான் ஏன் புலம்பல் படிக்க வேண்டும்?"

உன் தெருவில் யாருக்குமே துக்கம் இல்லையா? கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு இல்லையா? டயாலிசிஸுக்கு வாரம்தோறும் போய் வருகிறவர் உன் சபையில் இல்லையா? அவர்கள் வாயால் ஜெபிக்க முடியாத நாளில் நீ அவர்களுக்காக 88ஐ வாசி!

"நேரமில்லை."

கடைசியில் இங்கேதான் வருவாய் என்று தெரியும்.

117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குமா நேரமில்லை?

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியருக்கு வாரத்துக்கு 150ஐயும் முடிக்க ஒழுங்கு வகுத்தார். ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் அவற்றை 30 நாட்களுக்குக் காலை, மாலை என்று பிரித்து வைத்தது. உன்னால் அவ்வளவு முடியாதா? நாளுக்கு ஒன்று எடு. ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். 119க்கு மட்டும் பயப்படாதே. 176 வசனம்தான், ஆனால் எட்டெட்டாக 22 பகுதிகள். பகுதி பகுதியாகப் போ.

கண்ணால் ஓட்டாதே. வாய்விட்டு வாசி! சங்கீதம் காதில் விழ வேண்டும். ஒரு வசனம் நெஞ்சில் குத்தினால் அங்கேயே நில். அடுத்ததற்கு ஓடாதே. அந்த வசனத்தை உன் பேச்சில் சொல். சத்துரு என்று வருகிற இடத்தில் உன் சத்துருவின் பெயரைச் சொல். குடியா? கடனா? பயமா? பெயரைச் சொல்லாமல் போரிட முடியுமா?

42ஐயும் 43ஐயும் சேர்த்து வாசி. அங்கே ஒருவன் தன் ஆத்துமாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான். ஏன் இப்படிக் குறுகிப்போனாய் என்று மூன்று முறை கேட்கிறான். மனம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி உட்கார்ந்திருக்கவில்லை. தேவனை நம்பு என்று தனக்குத்தானே கட்டளையிட்டான்! நீயும் உன் சோர்வுக்குக் கட்டளையிடு!

நான்காம் நாளே நின்றுபோகும். பலருக்கும் அப்படித்தான் ஆகிறது. அதனால் என்ன? திரும்பவும் தொடங்கு. ஆனால் மறுபடி முதலாம் சங்கீதத்துக்குப் போகாதே! அப்படிப் போய்ப் போய்த்தான் நம்மில் பலருக்கு முதல் பத்துச் சங்கீதங்கள் தண்ணீராய்த் தெரிகின்றன, அறுபதுகளில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. விட்ட இடத்தில் எடு. 55இல் விட்டாயா? 55இலேயே ஆரம்பி. நெருங்கிய நண்பனால் முதுகில் குத்தப்பட்டு, எங்காவது பறந்துபோய்விடலாமா என்று ஏங்கியவனின் ஜெபம் அது. தவறவிடக்கூடாத சங்கீதம்.

இன்று இரவு கைப்பேசியை வேறு அறையில் வை. கதவைச் சாத்து. 4ஆம் சங்கீதத்தைத் திற. அது படுக்கப் போகும்முன் சொல்லும் ஜெபம், எட்டு வசனம். நாளை எழுந்ததும் 5ஐ எடு. அது விடியற்கால ஜெபம், பன்னிரண்டு வசனம். அடுத்த அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டால் கேட்கட்டும். சத்தமாக வாசி!