நூல் கட்டிய கைகள்

ஆமத்தூரில் வீட்டுக்கு வீடு ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. நகைக்கடையோ உரக்கடையோ கொடுத்திருக்கும். அட்டையில் பண்டிகை நாட்களை மூன்று பத்தியாகப் போட்டிருப்பார்கள்: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர். ஒரே அளவு எழுத்து, ஒன்றையொன்று இடிக்காத கோடு. நம் பண்பாட்டுப் பன்மை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அதை அச்சடித்த ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். முருகன், மெக்கா, வேளாங்கண்ணி மாதா, குருநானக் என்று ஏஜென்ட் தாள் தாளாகப் புரட்டிக் காட்டுவார். எந்தச் சாமிக்கு எத்தனை ஆர்டர் என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. இந்தச் சாமிப்பட வியாபாரத்தை ஆராய்ந்து கஜ்ரி ஜெயின் எழுதிய ஆங்கில நூலை 2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நம்மைப் பற்றி அங்கே படிக்கிறார்கள். நாம் யாரைப் பற்றிப் படிக்கிறோம் என்பதைப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

நம் வட்டாரக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 'பண்பாட்டுப் பன்மை' என்ற தலைப்பில் நூல் கலந்துரையாடல் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். பிளக்ஸ், பொன்னாடை, வருகைப் பதிவேடு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்டப் போட்டோ எல்லாம் இருந்தன. நாகர்களின் திருமணம், தோடர்களின் பூவேலை என்று பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். தூரத்து ஆட்களின் பண்பாடு யாருக்கும் கசப்பதில்லை.

டீ குடிக்கும்போது, அடுத்த மாதம் பாமாவின் 'கருக்கு' வைத்துக்கொள்ளலாமே என்றேன். நூலகர் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல புத்தகம்தான் சார். ஆனா பசங்க கலந்து உட்கார்ந்திருப்பாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வாசலில் கைகலப்பு என்றால் விளக்கம் கேட்டு மெமோ அவருக்குத்தான் வரும். ஆனாலும் அந்த வாக்கியம் என்னுடன் பஸ்ஸில் ஊர்வரை வந்தது. கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டாடத்தானே பிளக்ஸ் கட்டினோம்?

கலந்து உட்கார்ந்திருந்தவர்களின் கைகளையும் பார்த்தேன். பல மணிக்கட்டுகளில் வண்ணக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதியுடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மேசைமேல் இருந்த நூலைப் படித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். கையில் கட்டிய நூலை வாசிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவருடைய பள்ளியில் படித்த பிள்ளைகள். அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். அதைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டுமே. நூலகத்தை விட்டால் வேறு எது?

'கருக்கு' வேற்று ஊர்க்காரர் எழுதியதும் அல்ல. பாமா 1958இல் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்தவர். நம் மாவட்டம்தான், இங்கிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போய்விடலாம். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பின் எழுதிய இந்தத் தன்வரலாறு 1992இல் வந்தது. பனைமட்டையின் இருபக்கமும் ரம்பப்பல் போல இருக்கும் கருக்கு கையைக் கிழிக்கும் என்று இந்தக் கரிசல் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் மடத்துக்குள்ளும் சாதி எப்படி நடமாடியது என்பதை ஊர்ப்பேச்சிலேயே எழுதினார். முதலில் கோபப்பட்டது சொந்த ஊர். சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் வாசித்து எடுத்துச் சொன்ன பிறகே கோபம் தணிந்தது. பொன்னாடை இல்லாமல் நம் மாவட்டத்தில் நடந்த நூல் கலந்துரையாடல் என்று அதைத்தான் சொல்வேன்.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. கிராஸ்வேர்ட் பரிசும் பெற்றது. பல பல்கலைக்கழகங்கள் பாமாவைப் பாடமாக வைத்தன. பிறகு 2021 ஆகஸ்டில், டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அவருடைய 'சங்கதி'யும், சுகிர்தராணியின் கவிதைகளும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டன. கல்விக்குழு உறுப்பினர் சிலர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. டெல்லியை மட்டும் சொல்வானேன்? 2020 நவம்பரில் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலொன்றை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்தது. புகார் வந்தால் புத்தகம் போய்விடும் என்பதில் வடக்கும் தெற்கும் ஒன்றுபட்டிருக்கின்றன.

இப்படி வெளியே நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. 1899 ஜூனில் சிவகாசி பற்றி எரிந்தது கோவில் வாசலை வைத்துத்தான். உள்ளே வர உரிமை கேட்டவர்கள் நாடார்கள். வெளியே நிறுத்தப்பட்ட அந்தச் சமூகத்திலிருந்து இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923இல் ஆபீஸ் தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. (தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பது இந்தப் பக்கத்து வழக்கு; வெளியூர்க்காரர்கள் மன்னிக்க.) ராபர்ட் ஹார்ட்கிரேவ் அந்தச் சமூகத்தின் வரலாற்றை 1969இல் நூலாக்கினார். இதை எந்த மேடையிலும் பேசலாம், கைதட்டுவார்கள். வென்று முடிந்த அவமானம் வரலாறாகிவிடுகிறது. நேற்றும் நடந்த அவமானத்தைத்தான் 'பிரச்சனை' என்கிறோம்.

அலமாரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் கல்லூரி நூலகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் டூவி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதே 894இல்தான் துருக்கியும் ஹங்கேரியும் பின்லாந்தும். அமெரிக்காவில் உட்கார்ந்து எண் போட்டவர்கள், எங்கே வைப்பதென்று தெரியாத மொழிகளையெல்லாம் ஒரே திண்ணையில் உட்காரவைத்துவிட்டார்கள். டூவி முறையில் குறை கண்டுதான் நம் சீர்காழி ரங்கநாதன் 1933இல் கோலன் வகைப்பாட்டைக் கொடுத்தார். அதை மதிக்கிறோம், பயன்படுத்துவது குறைவு. ஆக, புதுப்பட்டிக்காரரின் புத்தகத்துக்கு அலமாரியில் பின்லாந்துக்காரர் பக்கத்து வீடு. கீழே மேசையில் இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தாரும் விடுபட்டுப் போகிறார்கள். அச்சாபீஸிலும் மில்லிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள். ஒடியா பேசுகிறவனும் சந்தாலி பேசுகிறவனும் நமக்கு 'இந்திக்காரன்'தான். ரங்கநாதனின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான நூல் என்கிறது. இந்தப் பையன்களுக்கான நூல் எந்த அலமாரியில் இருக்கிறது?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்துவிட்டது. வடகிழக்கு மாநிலத் திருவிழாக்கள் பற்றிய நூல். போவேன்.

இந்த மாவட்டத்துக் கல்லூரி நூலகர்களிடமும் தமிழாசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'கருக்கு' பத்துப் படி வாங்குங்கள். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகிற காசு போதும். பிள்ளைகள் முன்கூட்டியே படித்துவிட்டு வரட்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். சத்தம் வெளியே போகும் என்று பயமிருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். போட்டோ மட்டும் எடுக்க வேண்டாம்.