ஐந்தாண்டு யாருக்குச் சொந்தம்?

தீர்த்தமலை அடிவாரத்து வாக்காளர்கள் அரூர் தனித் தொகுதியைச் சேர்ந்தவர்கள். 2016 தேர்தலில் அவர்கள் அ.தி.மு.க.வின் ஆர்.முருகனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப.தனபால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தபோது அந்தப் பட்டியலில் அரூரும் இருந்தது, பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டியும் இருந்தது. தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் இரண்டு ஒரே நாளில் காலியாயின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் வாக்குப்பதிவு 2019 ஏப்ரல் 18, முடிவு மே 23. இருபது மாதம். இதற்கிடையில் இரண்டு நிதிநிலை அறிக்கைகள் பேரவைக்கு வந்தன; 2018இன் மானியக் கோரிக்கைகள் துறைவாரியாக விவாதிக்கப்பட்டு நிறைவேறின. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று எந்தத் துறை வந்தபோதும் அரூருக்காக எழுந்து கேட்க அங்கே ஆள் இல்லை. காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கு நடந்த காலமெல்லாம் அந்த விதி தூங்கியது.

ஒருவர் எத்தனை முறை சட்டமன்ற உறுப்பினராக இருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதை எடைபோடுவதற்கு முன் அரூரின் அந்த இருபது மாதங்களைப் பார்ப்பது நல்லது. சட்டப்படி அன்று பதவி இழந்தவர் முருகன். குரல் இழந்தவர்கள் தொகுதிக்காரர்கள். ஐந்தாண்டு என்ற காலம் உறுப்பினருக்குக் கிடைத்த பரிசு என்றால் அதை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், அளந்து கொடுக்கலாம். அது வாக்காளர் எழுதிக்கொடுத்த அதிகாரம் என்றால், அவரைக் கேட்காமல் நீட்டுவதும் குறைப்பதும் இன்னாருக்கு மறுபடி கொடுக்காதே என்று தடுப்பதும் ஒரே வகைத் தவறுதான்.

வரம்பு கேட்பவர்களின் நியாயம் லேசானதல்ல. பதவியில் இருப்பவரிடம் பணமும் ஆள்பலமும் அதிகாரிகளின் பழக்கமும் சேர்கின்றன. புதியவர் எதிரே நின்று வெல்வது கடினம். தொகுதி மெல்லக் குடும்பச் சொத்தாகிறது, தந்தைக்குப் பின் மகன் என்பது எழுதாத விதியாகிறது. இவை உண்மை. ஆனால் நோய் இதுதான் என்றால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸின் 1987 அரசமைப்பு, கீழவை உறுப்பினர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அங்கே நடந்தது என்ன? மூன்று முறை முடித்தவர் மனைவியையோ மகனையோ நிறுத்தினார். இடைவெளி விட்டுத் தானே திரும்பி வந்தார். குடும்ப ஆட்சி ஒழியவில்லை, குடும்பத்தில் இன்னும் பலருக்குப் பதவி கிடைத்தது. கலிபோர்னியா 1990இல் கீழவைக்கு ஆறாண்டு, மேலவைக்கு எட்டாண்டு என்று கட்டிப்போட்டது. மிச்சிகன் 1992இல் அதையே செய்தது. சட்டத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும்போதே உறுப்பினர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், நிலையாக இருந்த அதிகாரிகளிடமும் நிறுவனங்களுக்காக அவையைச் சுற்றிவரும் தரகர்களிடமும் செல்வாக்கு ஒதுங்கியது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. இரண்டு மாநிலங்களுமே பின்னால், 2012இலும் 2022இலும், விதியைத் தளர்த்தி மொத்தம் பன்னிரண்டு ஆண்டு, எந்த அவையிலும் இருக்கலாம் என்று மாற்றின.

நம் பக்கத்து அனுபவம் இன்னும் தெளிவானது. 2021 தேர்தலில் கேரள மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இரண்டு முறை வென்றவர்களுக்குச் சீட்டு இல்லை என்றது. நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பொதுப்பணித் துறை அமைச்சர் ஜி.சுதாகரன் ஆகியோர் ஒதுங்கினார்கள். கட்சி வென்றது; புதிய அமைச்சரவையில் பழைய மார்க்சிஸ்ட் அமைச்சர்களில் ஒருவர்கூட இல்லை, முதல்வர் பினராயி விஜயனைத் தவிர. 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்ற கே.கே.ஷைலஜாவுக்கும் இடமில்லை. ஒரு கட்சி தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாக்காளருக்கு அந்தக் கட்சியை ஒதுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் வரம்பு யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. உச்சியில் இருப்பவருக்குச் சமமாகப் பேசக்கூடிய அனுபவம் உள்ளவர்கள்தாம் வெளியேறினார்கள்.

பதவிக்கு வரம்பு கட்டுவதன் அற நியாயமே அதிகாரம் ஒரு கையில் குவியக் கூடாது என்பதுதான். அப்படியானால் அதிகாரம் எங்கே குவிகிறது என்று பார்த்துக் கட்ட வேண்டும். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் சாதாரண சட்டமன்ற உறுப்பினரால் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்க முடியாது. மீறினால் பதவி போகும். நல்ல நோக்கத்துக்கு வந்த சட்டம்தான், ஆனாலும் விளைவு அதுதான். நம் அமைப்பில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவருக்குக் கெடு வைத்துவிட்டு, சீட்டுக் கொடுப்பவரையும் அமைச்சரவையை நடத்துபவரையும் எல்லையில்லாமல் விடுவது விசித்திரமான நீதி. முதலமைச்சர் பதவிக்கு வரம்பு வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் குறைவு. உறுப்பினர் பதவியின் கதை வேறு. மு.கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016 வரை பதின்மூன்று முறை வென்றார். இரண்டு முறை என்ற வரம்பு இருந்திருந்தால் 1967 தேர்தலில் அவர் நின்றிருக்கவே முடியாது. அவரைப் பிடிக்காதவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அவரை வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு பதின்மூன்று தொகுதித் தேர்தல்களிலும் மக்களிடம்தான் இருந்தது.

மக்கள் தீர்ப்பு என்பதே பணத்துக்கு விலைபோகிறது, அப்புறம் எந்த உரிமையைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாக்குக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் பழைய உறுப்பினரோடு ஒட்டிப் பிறந்ததல்ல. புதியவரும் அதே கவரோடுதான் தெருவுக்குள் வருகிறார். ஆளை மாற்றுவதால் கவர் மாறாது. அரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006, 2011 இரண்டிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு, 2016இல் முருகன், 2019 இடைத்தேர்தலிலும் 2021இலும் அ.தி.மு.க.வின் வே.சம்பத்குமார். அந்தப் பதினைந்து ஆண்டில் எவரும் மூன்றாவது முறை வெல்லவில்லை. சட்டம் சொல்லாமலேயே அரூரில் ஆள் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

காலத்தை நீட்டுவதிலும் இதே அளவுகோல் பொருந்தும். நெருக்கடி நிலையின்போது 1976இல் 42ஆவது திருத்தம் சட்டமன்றங்களின் ஐந்தாண்டை ஆறாண்டாக்கியது. 1978இல் 44ஆவது திருத்தம் அதைத் திருப்பியது. இப்போது வருவது எதிர்த் திசை. 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான 129ஆவது திருத்த மசோதா, சட்டமன்றம் இடையில் கலைந்தால் புதிய அவை மிச்சக் காலத்துக்கு மட்டுமே இருக்கும் என்கிறது. நான்காம் ஆண்டு முடிவில் அவை கலைந்தால், வரிசையில் நின்று வாக்களித்தவர்களுக்குக் கிடைப்பது ஓராண்டு அரசு. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதால் செலவு மிச்சம் என்பது மசோதாவை ஆதரிப்பவர்களின் வாதம். ஆனால் அடிக்கடி கலையும் மாநிலத்தில் தேர்தல் கூடுமே தவிரக் குறையாது. தமிழ்நாடு சட்டமன்றம் இந்த யோசனையை எதிர்த்து 2024 பிப்ரவரி 14 அன்றே தீர்மானம் போட்டது.

இந்தத் துண்டு ஆட்சிக் காலத்தோடு இரண்டு முறை வரம்பையும் சேர்த்துப் பாருங்கள். 2019இல் அரூர் சம்பத்குமாருக்குக் கொடுத்தது மிச்சமிருந்த இரண்டு ஆண்டு. வரம்புச் சட்டம் அதையும் ஒரு முறை என்று எண்ணுமானால், ஏழு ஆண்டோடு அவர் கணக்கு முடிகிறது. எண்ணாது என்றால், எத்தனை மாதத்துக்கு மேல் இருந்தால் எண்ணப்படும் என்று யாரோ ஒருவர் கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கிழிக்கப்போவது தீர்த்தமலை வாக்காளர் அல்ல. பேரவைத் தலைவரின் உத்தரவும் நீதிமன்ற வழக்கும் எவ்வளவு நீண்டாலும் ஆறு மாதத்துக்குள் தொகுதிக்கு ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும் என்று அந்தப் பழைய விதிக்குப் பல் பொருத்துவதுதான், அவர் சார்பில் முதலில் கேட்க வேண்டிய சட்டத் திருத்தம்.